ஊற்றைப் பிடித்துக்கொண்டு போகும் சாலை

ஆஸ்திரேலியாவின் உட்பகுதிப் பாலையான அவுட்பேக் பக்கம் போகப்போகிறோம் என்று தெரிந்தவர்கள் யாராவது சொன்னால், எந்த வண்டி, எத்தனை நாள் என்பதையெல்லாம் நான் பிறகுதான் கேட்பேன். முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியதாகத்தான் இருக்கும். எவ்வளவு கொண்டுபோகிறீர்கள்? எதில் பிடித்து வைத்திருக்கிறீர்கள்? அந்த நிலத்தில் மற்ற எல்லாமே இந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

நானும் என் கணவரும் அடிலெய்டில் குடியேறி வெகுகாலம் ஆகிறது. பிள்ளைகள் தலையெடுத்துத் தனித்தனியே போன பிறகு, குளிர்காலம் பிறந்தால் வண்டியில் படுக்கையைக் கட்டிக்கொண்டு வடக்கே கிளம்பிவிடுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஃபிளிண்டர்ஸ் மலைகளைப் பார்த்திருக்கிறோம். கூபர் பீடியில் மண்ணுக்கடியில் குடைந்த வீடுகளில் தங்கியிருக்கிறோம். ஆனால் திரும்பத் திரும்ப எங்களை இழுப்பது ஊட்னடட்டா டிராக்தான். மரீ என்ற சிற்றூரில் தொடங்கி மார்லாவில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் போய் முட்டும், ஏறக்குறைய 620 கிலோமீட்டர் மண்சாலை.

அந்தச் சாலையை முதலில் வரைபடத்தில் பார்த்தபோது, இது ஏன் இப்படி வில்லாக வளைந்து போகிறது என்று இவரிடம் கேட்டேன். தரை சமமாகத்தானே இருக்கிறது, நேராகப் போட்டிருக்கலாமே? காரணம் பூமிக்கடியில் இருக்கிறது. குயின்ஸ்லாந்து மலைகளில் பெய்யும் மழை மணற்பாறைக்குள் இறங்கி, வருடத்துக்குச் சில மீட்டர் என்ற வேகத்தில் கண்டத்தின் உள்ளே நகர்ந்து வருகிறது. கிரேட் ஆர்ட்டீசியன் பேசின் என்ற அந்த நிலத்தடி நீர்ப்படுகையின் பரப்பு சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதன் தென்மேற்கு விளிம்பில், மேலே மூடியிருக்கும் பாறை மெலிந்து வெடித்த இடங்களில், தண்ணீர் தானாகவே மேலே வந்துவிடுகிறது. அப்படி வந்த ஊற்றுகள் பாலையின் ஓரமாக ஒரு வளைந்த கோட்டில் வரிசையாக நிற்கின்றன.

இந்த நிலத்தின் பூர்வகுடிகளான அரபானா மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக ஒரு ஊற்றிலிருந்து அடுத்த ஊற்றுக்கு நடந்திருக்கிறார்கள். காவிமண்ணும் மற்றப் பண்டங்களும் இந்த வழியாகத்தான் கைமாறின. 1859-இல் ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்ற ஆய்வுப் பயணி இதே ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டு வடக்கே போகத் தொடங்கினார். அடுத்தடுத்த பயணங்களுக்குப் பிறகு 1862-இல் வடகடலைத் தொட்டார். 1872-இல் போர்ட் அகஸ்டாவையும் டார்வினையும் இணைத்த தந்திக்கம்பி அவர் போன தடத்தை ஒட்டியே போனது. நீராவி என்ஜினுக்கும் தண்ணீர் வேண்டுமல்லவா? பழைய கான் ரயிலும் அதே கோட்டில் வந்தது. 1980-இல் ரயில்பாதையை வெகுதூரம் மேற்கே மாற்றிப் போட்டுவிட்டார்கள். தண்டவாளம் போனது, சாலையும் ஊற்றுகளும் இருக்கின்றன.

இதைத் தெரிந்துகொண்டு போனால் பயணமே வேறு மாதிரி ஆகிவிடும். ஆகவே நான் எல்லோருக்கும் சொல்வது, கிலோமீட்டர் கணக்கு வைத்துத் திட்டம் போடாதீர்கள், ஊற்றுக் கணக்கு வைத்துப் போடுங்கள். ஒரே நாளில் மரீயிலிருந்து ஊட்னடட்டா வரை நானூறு கிலோமீட்டர் ஓட்டிவிட முடியும். ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். புழுதியைத் தவிர அவர்கள் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை.

மரீயிலேயே ஒரு நாள் தங்குங்கள். ஊர் சின்னதுதான், ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். ஆனால் பழைய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மண்சுவரும் கூரை வேய்ந்த முகப்புமாக, ஒட்டகக்காரர்கள் தொழுத பள்ளிவாசலை மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். ‘ஆப்கானியர்’ என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டாலும் அவர்களில் பலர் பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப், ராஜஸ்தான் என்று அன்றைய இந்தியாவின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள். 1866-இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களோடு ஒரு குழு போர்ட் அகஸ்டாவில் இறங்கியது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தப் பாலைக்கு மாவு, சர்க்கரை, கம்பி, தண்டவாளக் கட்டை எல்லாம் அவர்களுடைய ஒட்டகங்களின் முதுகில்தான் வந்து சேர்ந்தன. அப்படிப்பட்டவர்களை மரீயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் சேர்க்கவில்லை. வெள்ளையர் ஒரு பக்கம், ஒட்டகக்காரர்களும் பூர்வகுடி மக்களும் மறுபக்கம். கல்லறையில்கூட அவர்களுக்குத் தனிப் பகுதிதான். அந்தக் கல்லறைகளுக்கு நடுவே நின்றபோது இவர் வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. லாரிகள் வந்ததும் ஒட்டகங்களுக்கு வேலை போயிற்று. அவிழ்த்துவிடப்பட்ட ஒட்டகங்களின் வம்சம் இன்றும் பாலையில் காட்டு விலங்காகத் திரிகிறது. சாலையில் திடீரென்று குறுக்கே வந்து நிற்கும், ஓட்டுபவர்கள் கவனம்.

மரீயிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டரில் கவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாம். அதற்குச் சற்று முன்பே சாலையை விட்டு உள்ளே போனால் ‘பப்ளர்’ என்ற ஊற்று. இதைக் கட்டாயம் நிதானமாகப் பாருங்கள். சுற்றிலும் உப்புப் பூத்த வெண்தரை, ஒரு மேடு, மேட்டின் மேல் ஒரு சிறிய வட்டக் குளம். முதலில் ஒன்றுமே நடக்காது. அடியில் சாம்பல் நிற மணல் மட்டும் மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும். பிறகு மணல் நடுவில் உப்பும், வட்டம் வட்டமாக விரியும், உள்ளிருந்து ஒரு பெரிய குமிழி மேலே வந்து உடையும். மணல் மறுபடி படியும். வழிந்த நீர் ஒரு விரல் அகல ஓடையாகக் கீழே இறங்கிக் கோரைப்புல்லுக்குள் போய் மறைந்துவிடும். மழையே அபூர்வமான அந்த நிலத்தில், எந்தக் காலத்திலோ பெய்த மழை இப்போது வந்து கண்முன்னே உடைகிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும்.

அரபானா மக்களுக்கு இது மாபெரும் பாம்பு கொல்லப்பட்ட இடம். பப்ளரின் கொதிப்பு அந்தப் பாம்பின் துடிப்பு. பக்கத்தில் இருக்கும் ‘பிளாஞ்ச் கப்’ ஊற்று அதைச் சுட்டுத் தின்ற அடுப்பு. தொலைவில் தெரியும் குன்று வீசியெறிந்த தலை. மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். கதையைக் கேட்டுவிட்டுப் பார்த்தால் நிலத்தின் அமைப்பு மனதில் அப்படியே பதிந்துவிடுகிறது. வழி தவறக் கூடாத நாட்டில் கதைக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

மரப்பலகை நடைபாதையை விட்டு இறங்காதீர்கள், ஊற்றில் காலை வைக்காதீர்கள். இந்த ஊற்றுகளில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத நத்தைகளும் மீன்களும் வாழ்கின்றன. குளிக்க ஆசையாக இருந்தால் கவர்ட் ஸ்பிரிங்ஸ் முகாமில் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. ரயில் காலத்தில் போட்ட ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீர். ரயில்காரர்கள் நட்ட பேரீச்சை மரங்களின் நிழலும் இருக்கிறது. அந்தக் காலத்தில் பண்ணைக்காரர்கள் தோண்டிய கிணறுகளில் பல, மூடியே இல்லாமல் இரவும் பகலும் வழிந்துகொண்டிருந்தன. இப்போது ஒவ்வொன்றாக மூடி வருகிறார்கள். தெற்கே உள்ள ஒலிம்பிக் டாம் சுரங்கம் 1980-களிலிருந்து இதே படுகையிலிருந்துதான் நீர் எடுக்கிறது. ஊற்றுகள் சுருங்குவதைப் பற்றி அரபானா மக்கள் பல ஆண்டுகளாகக் கவலையோடு பேசுகிறார்கள். பப்ளரைக் கண்ணால் பார்த்த யாருக்கும் அந்தக் கவலை தன்னுடையதாகத்தான் தோன்றும்.

இனி, கொண்டுபோகும் தண்ணீர். குடிக்க, சமைக்க, கழுவ என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு பத்து லிட்டர் எங்கள் கணக்கு. பயணம் இத்தனை நாள் என்று போட்டுவிட்டு, அதற்கு மேல் நாலைந்து நாளுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் வைப்பதில்லை. மண்சாலையின் உதறலில் ஒரு கேனில் விரிசல் விட்டாலும் மற்றவை இருக்க வேண்டும். வழியில் கிடைக்கும் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் கரிப்பாக இருக்கும். குளிக்கலாம், துணி அலசலாம், குடிக்க நம்ப வேண்டாம். பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டு, ஸ்பிரே பாட்டிலில் நாலு பீய்ச்சல் அடித்துக் கழுவினால் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் வேலை முடிந்துவிடும்.

சாப்பாட்டு விஷயத்தில் நமக்கு இருக்கும் வசதி வேறு யாருக்கும் இல்லை. புளிக்காய்ச்சல் ஒரு ஜாடி, பருப்புப்பொடி, மாவடு, அப்பளம், குட்டிக் குக்கர். குக்கர் தண்ணீரையும் மிச்சப்படுத்தும், கேஸையும் மிச்சப்படுத்தும். ஜாடிகளைத் துணியில் சுற்றி இறுக்கி வையுங்கள். உதறலில் மூடிகள் தாமாகவே கழன்றுகொள்ளும், தகர டப்பாக்கள் ஒன்றோடொன்று உரசியே ஓட்டையாகும். மாலையில் முகாம் போட்டதும் சூடாகப் புளிசாதமும் சுட்ட அப்பளமும் கையில் கிடைக்கும்போது பகல் முழுவதும் தின்ற புழுதி மறந்துபோகும்.

அந்த உதறலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சக்கரங்கள் ஓடி ஓடி மண்சாலை துணி துவைக்கும் கல்லில் வெட்டிய வரிகள் மாதிரி ஆகிவிடும். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டால் டயர் கல்லின் மேல் கொஞ்சம் அமுங்கிப் போகும்; உதறலும் குறையும், பஞ்சரும் குறையும். எங்கள் வண்டிக்கு 28 பிஎஸ்ஐ சரியாக இருக்கிறது. சுமையைப் பொறுத்து ஒவ்வொரு வண்டிக்கும் மாறும். ஸ்டெப்னி இரண்டு வேண்டும். கூரான சிறு கற்கள் கிடக்கும் ஊட்னடட்டா பக்கம் ஒருமுறை எங்கள் பின்டயர் ஒன்று பக்கவாட்டில் கிழிந்து படுத்துவிட்டது. “நீ வண்டி நிழலில உட்காரு, நான் பாத்துக்கறேன்” என்றார் இவர். “ஜாக்கிக்கு அடியில பலகை வைக்க ஒரு கை வேண்டாமா உங்களுக்கு?” என்று நான் இறங்கினேன். ஜாக்கியின் கால் மண்ணில் புதையாமலிருக்கத் தடித்த பலகை ஒன்று எப்போதும் வண்டியில் கிடக்கும். நான் பலகையைப் பிடிக்க, இவர் ஜாக்கியை ஏற்ற, நட்டுகளை என் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன், மண்ணில் விழுந்தால் தேட முடியாது. முடிப்பதற்குள் அந்தப் பக்கம் வந்த இரண்டு வண்டிகளும் நின்று, இறங்கி, தண்ணீர் இருக்கிறதா, உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் போயின. அங்கே அதுதான் வழக்கம். நீங்களும் நின்று கேட்காமல் போகாதீர்கள்.

வேலைகளை இருவருமே தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஓட்டுவது அவர், சமைப்பது நான் என்று பிரித்துக்கொண்டு பாலைக்குப் போவது ஆபத்து. டயர் மாற்றுவது, யுஎச்எஃப் ரேடியோவில் பேசுவது, சாட்டிலைட் போன், ஆபத்துக் காலத்தில் இழுத்துவிட வேண்டிய பீக்கன் கருவி, முதலுதவி எல்லாம் எனக்கும் தெரியும். ஒருவர் மயங்கி விழுந்தால் அழைக்க வேண்டியது மற்றவர்தானே. பறக்கும் டாக்டர் சேவை 1928-இல் ஜான் ஃபிளின் முயற்சியில் தொடங்கியது. இன்றும் இங்கெல்லாம் அதுதான் ஆஸ்பத்திரி. ஆனால் கூப்பிட ஒரு குரல் வேண்டும். நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் பேசுவது ரேடியோவின் 40-ஆம் சேனலில். மூன்று நாலு பெட்டிகளைக் கோர்த்து ஐம்பது மீட்டருக்கு மேல் நீண்டு வரும் ரோடு டிரெயின் எதிரே தெரிந்தால் ஓரம்கட்டி நின்றுவிடுங்கள். அது போன பிறகும் புழுதி அடங்கும்வரை எடுக்காதீர்கள். அந்திக்குப் பிறகு ஓட்டவே வேண்டாம். கங்காருவும் மாடும் அப்போதுதான் சாலைக்கு வரும்.

வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நகரக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். 1963 டிசம்பரில் மரீயிலிருந்து வடக்கே போகும் பேர்ட்ஸ்வில் டிராக்கில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் வழி தவறி, பெட்ரோலும் தீர்ந்து, தாகத்தாலேயே இறந்துபோனது. மேலிருந்து தேடுகிறவர்களுக்கு நடந்துபோகும் மனிதர் தெரிய மாட்டார், வண்டி தெரியும். வண்டி நிழலும் தரும். அதோடு, கோடையில் போகவே போகாதீர்கள். 1960 ஜனவரி 2 அன்று ஊட்னடட்டாவில் பதிவான வெப்பம் 50.7 டிகிரி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் எங்கள் காலம். பகல் இதமாக இருக்கும். இரவு பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், ஆகவே கம்பளியும் குல்லாவும் மறக்க வேண்டாம். முகத்துக்கு ஈ வலையும்தான். குளிர்காலத்தில் ஈ குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

தண்ணீர் இல்லாததற்கு இவ்வளவு ஏற்பாடு செய்துகொண்டு போகிறோம். ஆனால் எங்களை உண்மையில் நிறுத்தி வைத்தது மழைதான். வில்லியம் கிரீக்கில் இரவில் தகரக் கூரை மேல் சடசடவென்று சத்தம் கேட்டது. விடிந்து பார்த்தால் சாலை முழுக்கச் சிவப்புக் களி. சில மில்லிமீட்டர் மழை போதும், அந்த மண் பசையாகிவிடும். டிராக் மூடப்பட்டது என்று அறிவிப்பு வந்தது. மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம். அபராதம் இல்லாவிட்டாலும் ஓட்டக் கூடாது. ஈரத்தில் விழுந்த தடம் காய்ந்து பள்ளமாக மாதக்கணக்கில் நிற்கும், பின்னால் வருகிற எல்லோருக்கும் அது தொல்லை. அதனால்தான் திரும்பும் தேதியை இறுக்கிப் போட்டுக்கொண்டு வராதீர்கள் என்கிறேன். திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டியவர்கள்தான் களியில் இறங்கிச் சிக்கிக்கொள்கிறார்கள்.

வில்லியம் கிரீக் என்பது ஒரு ஹோட்டல், ஒரு விமான ஓடுபாதை, ஒரு முகாம், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். சுற்றிலும் அன்னா கிரீக் என்ற மாட்டுப் பண்ணை. உலகத்திலேயே பெரியது என்பார்கள். மூடிய சாலையில் அகப்பட்ட நாங்கள் எல்லோரும் ஒன்றாகிவிட்டோம். ஒருவர் ரொட்டி சுட்டார். நான் என் ஜாடியைத் திறந்து எல்லோருக்கும் புளிசாதம் கிளறிக் கொடுத்தேன். ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு முதியவர், பழைய கான் வெள்ளத்தில் சிக்கி நாட்கணக்கில் நின்ற கதைகளைச் சொன்னார். வெயில் வந்ததும் ஓடுபாதை ஓரம் நடந்தோம். முந்தைய மழையில் தேங்கிய ஒரு காவி நிறக் குட்டையில் ஏதோ நெளிவதைக் காட்டி, “இங்க வந்து பாரும்மா” என்று கூப்பிட்டார் இவர். முதுகில் கேடயம் கவிழ்த்தது போன்ற ஓடும், பின்னால் இரண்டு வால் இழைகளும் கொண்ட சிறு இறால்கள். அவற்றின் முட்டைகள் காய்ந்த மண்ணுக்குள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மழைநீர் பட்டதும் பொரித்து, குட்டை வற்றுவதற்குள் வளர்ந்து, முட்டையிட்டு, வாழ்க்கையை முடித்துக்கொள்ளும். இருவரும் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டில் எந்தக் காலையிலும் எங்களுக்கு இப்படி நேரம் இருந்ததில்லை.

பாதை காயக் காத்திருந்த நாட்களில்தான் சின்ன விமானத்தில் கட்டி தண்டா–ஏர் ஏரியின் மேல் பறந்தோம். கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே கிடக்கும் உப்புப் படுகை அது. குயின்ஸ்லாந்தில் வெள்ளம் வந்தால் டயமன்டினா, கூப்பர் கிரீக் வழியாக அந்த நீர் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஊர்ந்து வந்து இங்கே சேரும். பெரும்பாலான வெள்ளம் ஏரியின் ஒரு பகுதியைத்தான் நனைக்கும். பதிவிலிருக்கும் மிகப் பெரிய நிரப்பம் 1974-இல். நாங்கள் பார்த்தபோது வடக்குப் பக்கம் ரோஸ் நிறமும் பால் நிறமுமாகத் தண்ணீர், தெற்கே கண் கூசும் உப்பு. கடற்கரையில் வாழும் கூழைக்கடாக்கள் நீர் வந்ததை எப்படியோ அறிந்து இவ்வளவு தூரம் பறந்து வந்து குஞ்சு பொரிக்கின்றன. ஏரியை மேலிருந்து பார்ப்பதே நல்லது. படுகை அரபானா மக்களுக்குப் புனிதமானது, அதில் இறங்கி நடக்க வேண்டாம் என்பது அவர்கள் வேண்டுகோள். வண்டி ஓட்டிப் பார்க்க நினைப்பதோ சுத்தப் பைத்தியக்காரத்தனம். உப்போட்டுக்கு அடியில் சேறுதான்.

வில்லியம் கிரீக்கிலிருந்து ஊட்னடட்டா இருநூறு கிலோமீட்டர் சொச்சம், அங்கிருந்து மார்லாவும் ஏறக்குறைய அவ்வளவே. இடையில் எங்கும் பெட்ரோல் இல்லை, ஆகவே பாதி டாங்க் இருந்தாலும் ஒவ்வொரு ஊரிலும் நிரப்பிக்கொள்ளுங்கள். விலை அதிகம்தான், அவ்வளவு தூரம் கொண்டுவந்து விற்கிறார்கள், முகம் சுளிக்காமல் கொடுங்கள். ஆல்ஜபக்கினாவில் நீல்ஸ் ஆற்றின் குறுக்கே 578 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு இரவு தங்குங்கள். மணலாகக் கிடக்கும் ஆற்றுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பாலம் என்று தோன்றும். தூண்களில் சிக்கிக் காய்ந்து கிடக்கும் மரத்துண்டுகள் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று அண்ணாந்து பாருங்கள், தெரியும். ஆற்றுப் படுகையிலேயே கூடாரம் போடாதீர்கள். வானம் வெளுத்திருந்தாலும் மேலே எங்கோ பெய்த மழை இரவில் வந்துவிடலாம்.

மார்லாவில் தார்ச்சாலை ஏறுவதற்கு முன் டயர்களில் காற்றை மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும். குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் 110-இல் ஓட்டினால் டயர் சூடேறி வெடித்துவிடும். நாலு டயருக்கும் சின்ன கம்ப்ரஸரில் காற்றடிக்க அரை மணி நேரம் பிடிக்கும். அந்த அரை மணியில் மிச்சமிருக்கும் தண்ணீரை நான் அளந்துவிடுவேன். நல்ல தண்ணீர் இரண்டு கேன் தொடாமல் இருந்தால், வடக்கே உலுருவுக்கா, தெற்கே வீட்டுக்கா என்ற பேச்சு எங்களுக்குள் தொடங்கும்.